ஒன்பது வருட யாசீன்

பள்ளிவாசல் மோதினார் ஜஸூலியின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்ததால், இறந்துபோன மௌத்துகளின் பட்டியலை எழுதும் வேலை அந்த வருடம் என் தலையில் விழுந்தது. நோன்பு பிறப்பதற்கு முந்தைய மாதத்தில் ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரிலுள்ள மௌத்துகளுக்கெல்லாம் சேர்த்துப் பள்ளிவாசலில் ஓதுவோம். வீட்டுக்கு ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மோதினார் ஒவ்வொரு வீடாக ஒலிபெருக்கியில் வாசித்து, அந்த நன்மை அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று சொல்லி, அல்ஃபாத்திஹா என்பார். எல்லோரும் அந்த அத்தியாயத்தை ஓதுவோம். இதில் போன வருடம் மோதினார் பெரிய கூத்தே நடத்திவிட்டார். ஹாஜி சுகிர்னோ தன் வீட்டு மௌத்துகளை வரிசையாக எழுதி, கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி கடைசியில் தன் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். மோதினார் அதையும் இறந்தவர்களோடு சேர்த்து "மர்ஹூம் ஹாஜி சுகிர்னோ" என்று வாசித்து, அல்ஃபாத்திஹாவும் சொல்லிவிட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹாஜி கையைத் தூக்கி, "நான் இங்கதானப்பா இருக்கேன்" என்றார். ஓத ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த முடியுமா? இருநூறு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருக்கு ஓதி முடித்தார்கள். மனிதர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததும் ஆடு அறுத்து, ஆயுள் நீள ஊரைக் கூட்டி ஓதவைத்தார். மீன் சந்தையில் இன்றைக்கும் அவருக்குப் பெயர் மர்ஹூம்தான். சிரிப்பதற்கு நாங்கள் சிரித்தாலும், உயிரோடிருப்பவன் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்து வாசிப்பது விளையாட்டுக் காரியமில்லை. வாசித்தால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு எழுத்து நன்றாக வரும் என்பதால் மோதினார் என்னைத் தேடி வந்தார். நான் மீன் அவிக்கிறவள். முற்றத்தில் பெரிய உப்புத் தண்ணீர்ப் பானைகளில் மூங்கில் கூடைகளை அடுக்கி அவித்து, விடிவதற்குள் சந்தைக்கு அனுப்புவேன். "நோட்டுல மீன் வாடை அடிக்குமே" என்றேன். "மௌத்துகளுக்கு மூக்கு கெடையாதும்மா. பெரிசா, அழுத்தி எழுது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று தாள்கள் நிறைந்த பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் என் வீட்டுப் பட்டியலை எழுதினேன். மர்ஹூம் வார்தோனோ பின் கஸ்தாம், என் கணவர். அடுத்தது என் அப்பா. ஒன்பது வருடமாக முதல் இடம் வார்தோனோவுக்குத்தான். வார்தோனோ போன மீன்பிடிக் கப்பல் ஆரு தீவுகளுக்கு அப்பால் புயலில் முழுகியபோது எங்கள் மகள் இஸ்னாவுக்கு மூன்று வயது. மூன்று பேரின் உடல்தான் கிடைத்தது. மீதிப் பேருக்கு உடல் இல்லாமலேயே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். நோன்புக்கு முன் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கபுருஸ்தானுக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும்போது, நான் மட்டும் ஆற்று முகத்துக்குப் போய்க் கடலில் பூவைப் போட்டுவிட்டு வருவேன். ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள், வருடம், ஆயிரமாவது நாள் என்று ஒன்றையும் விடவில்லை. வியாழக்கிழமைதோறும் பொழுது சாய்ந்து மஃரிப் ஆனதும் வார்தோனோவுக்குக் குர்ஆனின் யாசீன் அத்தியாயம். காய்ச்சலில் கிடந்தாலும் சுவரில் சாய்ந்துகொண்டு ஓதியிருக்கிறேன்.

இருபதாவதோ இருபத்தோராவதோ தாள் என் மாமியார் காஸ்மினாவுடையது. மாமி பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் எங்கள் மொழியை அரபு எழுத்தில் எழுதத் தெரியும். கோணல்மாணலாக இருந்தாலும் வாசித்துவிடலாம். என் மாமனார் கஸ்தாம், அவருடைய அப்பா அம்மா, தன்னுடைய அப்பா அம்மா, பிறந்தவுடன் போன இரண்டு குழந்தைகள், ஆற்றில் விழுந்து போன மகள், மாமனாரின் முதல் மனைவி, பிரசவம் பார்த்த கிழவிகூட இருந்தாள். பதினான்கு பெயர். வார்தோனோ இல்லை.

மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வயது எழுபதை நெருங்குகிறது. நாமே சேர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்து மர்ஹூம் என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் முதல் வரிசையில் கையைத் தூக்கிய ஹாஜி சுகிர்னோவின் முகம் ஞாபகம் வந்தது. எதற்காக வந்தது என்று தெரியவில்லை. பேனா நின்றுவிட்டது. பிரசவக் கிழவியை மறக்காத பெண்பிள்ளை, பெற்ற மகனை மறப்பாளா? பானை பொங்கி உப்புத் தண்ணீர் அடுப்பில் விழுந்து புகைந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மோதினார் பழைய தாள்களை எறியமாட்டார். அல்லாஹ்வின் பெயர் எழுதியதை எங்கே எறிவது என்று சொல்லி, வருடத்துக்கு ஒரு கட்டாகக் கயிறு போட்டு பிஸ்கட் தகரப் பெட்டிகளில் வைத்திருந்தார். பெயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டு எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். என் மாமியாரின் தாள்கள் ஒன்பதும் கிடைத்தன. கப்பல் முழுகிய வருடத்துத் தாளில் 'என் மகன் வார்தோனோ' என்பதுதான் முதல் பெயர், கட்டின புருஷனுக்கும் மேலே. எழுத்து அழுதுகொண்டே எழுதியது போல இருந்தது. இரண்டாம் வருடமும் அப்படியே. மூன்றாம் வருடத்தில் இல்லை. நான்காவதில் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றிலும் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம்தான் என் கொழுந்தன் தர்மாஜி முதல் தடவையாகக் கிழக்கே ஆரு தீவுகளிலுள்ள டோபோ துறைமுகத்துக்குக் கப்பலில் போய் வந்தான்.

தர்மாஜி இப்போது கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்திலிருந்து எனக்கு மீன் கொண்டுவந்து போடுகிறான். மறுநாள் காலை மூன்று சக்கர வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தான். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டேன்.

"ஒங்க அண்ணனுக்கு இப்ப எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு" என்றான். அப்புறம்தான் பெட்டி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஐஸ்கட்டிகள் என் காலடி வரைக்கும் உருண்டு வந்தன.

"மதினி" என்றான். "மதினி, நான்..."

"மீனப் பொறுக்கு. மண்ணாவுது."

மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டே சொன்னான். கப்பல் முழுகுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே வார்தோனோ டோபோவில் இறங்கிவிட்டான். துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருத்தி. கப்பல் ஆவணத்தில் அவன் பெயர் அப்படியே இருந்துவிட்டது. கப்பல் முழுகிய செய்தி அவனுக்குத் தெரிந்தபோது இங்கே ஜனாஸாத் தொழுகையே முடிந்திருந்தது.

"திரும்பி வர வெக்கமாப் போச்சுன்னார் மதினி. அம்மாகிட்ட மட்டும் சொல்லுன்னார்."

"வெக்கம்" என்றேன். "நல்ல வெக்கம். ஏழு வருஷமா வருஷத்துக்கு ஒரு வாட்டி எங்க வீட்டுல வந்து ஒக்காந்து, ஒங்க அண்ணனுக்கு யாசீன் ஓதி, கண்ணத் தொடச்சுட்டு, சோறு தின்னு, போறப்பப் பெட்டிச் சோறும் வாங்கிட்டுப் போனியே, ஒனக்கு அது வரலியா?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"ஆயிரமாவது நாளுக்கு ஆட்டுக்கறி போட்டேன். ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்ன. எலும்பு நல்லா வெந்திருக்குன்ன."

அவன் மீனைக் கழுவி, தரம் பிரித்து, கூடைகளில் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அது அவன் வேலை இல்லை. அன்றைக்குச் செய்தான்.

கோபத்தில் அழுகை வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. அன்று நான்கு பானை மீன் அவித்தேன், வழக்கத்தைவிட ஒரு பானை அதிகம். தலைகளைக் கிள்ளி எறியும்போது என் கை அவ்வளவு வேகமாக ஒருநாளும் ஓடியதில்லை. வேறொருத்தியோடு போனான் என்பது அல்ல, போகிறவன் போவான், ஊரில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். போனவனைத் திட்டிவிட்டு, விவாகரத்துக்குக் காதிக்கு எழுதிப்போட்டு, அடுத்த வேலையைப் பார்க்கலாம். சோயா தெம்பே விற்கும் ரொஷாத் இரண்டு வருடம் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நல்ல மனிதர், மனைவி இறந்தவர், இஸ்னாவுக்கு மிட்டாய் கொண்டுவருவார். வார்தோனோ கடலுக்கடியில் குளிரில் கிடக்கும்போது எனக்கென்ன கல்யாணம் என்று நான்தான் வாசலில் நின்றே திருப்பி அனுப்பினேன். அதைக்கூட விட்டுத்தள்ளலாம். என் அப்பாவை எப்படி விடுவது? ஐந்து வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். அவருக்கு என்னைத் தவிர ஓத ஆளில்லை. வியாழக்கிழமை வார்தோனோவுக்கு யாசீன் ஓதி முடித்து, களைத்துப்போய், கொட்டாவி விட்டுக்கொண்டே அப்பாவுக்கு ஒரு ஃபாத்திஹா. அப்பாவுக்குக் கபுரு இருக்கிறது, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கடலில் கிடக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். செத்துப்போன என் அப்பாவை வரிசையில் இரண்டாவதாக நிறுத்திவிட்டு, டோபோவில் குத்துக்கல்லாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவனுக்கு முதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அதைவிடவும் ஒன்று இருக்கிறது. யாசீன் முடிந்ததும் ஜனாஸாத் தொழுகையில் ஓதும் துஆவையும் சேர்த்து ஓதுவது என் வழக்கம். பெண்கள் மதரசாவில் அதன் அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யா அல்லாஹ், இவரை மன்னிப்பாயாக, இவருடைய இடத்தை விசாலமாக்குவாயாக. இவருடைய வீட்டைவிட நல்ல வீட்டை இவருக்குக் கொடு. இவருடைய குடும்பத்தைவிட நல்ல குடும்பத்தைக் கொடு. இவருடைய மனைவியைவிட நல்ல மனைவியைக் கொடு. மதரசாவில் இந்த இடம் வந்தபோது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தோம். இது மறுமைக்கு என்று உஸ்தாத் அம்மா அதட்டினாள். நானும் மறுமைக்கு என்றுதான் நினைத்துக் கேட்டேன். ஒன்பது வருடம், வியாழன் தவறாமல், இரண்டு கையையும் ஏந்தி, கண்ணீர் விட்டுக் கேட்டேன். அல்லாஹ் கொடுத்துவிட்டான்.

அன்று மாலை நோட்டோடு மோதினார் வீட்டுக்குப் போனேன். பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "சாகாத ஆளுக்கு ஓதினா அது எங்க போகும் மோதினார்?" என்றேன்.

ஹாஜி சுகிர்னோவைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் குலுங்கிச் சிரித்தார். "எங்க போகும், காய்ச்சலாப் போச்சு." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "துஆ வீணாப் போகாதும்மா. உயிரோட இருந்தாலும் அவனுக்குப் போய்ச் சேரும். மௌத்துக்கு மட்டுமா கேக்குறோம், ஹயாத்தா இருக்கிறவனுக்கும்தான் கேக்குறோம்."

"தெரியாமக் குடுத்துட்டா? திருப்பிக் கேக்கலாமா?"

"குடுத்தது குடுத்ததுதான். இனிமே ஓதுறத வேற யாருக்காச்சும் ஓதிக்க வேண்டியதுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவர் வீட்டுத் தூணில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கேயும் போகாமல் காற்றில் கரைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் முகவரி தப்பாமல் டோபோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் காய்ச்சலில் ஓதியது, மழையில் விளக்கணைந்து இருட்டில் மனப்பாடமாக ஓதியது, எல்லாம்.

என்னுடையதாவது போகட்டும். இஸ்னாவுடையது? போன வருடம் அவள் குர்ஆன் முப்பது பாகமும் ஓதி முடித்தாள். முடித்த பிள்ளைகளை மதரசாவில் வரிசையாக நிறுத்தி, இந்த நன்மையை யாருக்குச் சேர்த்து வைக்கிறாய் என்று உஸ்தாத் கேட்டார். ஒருத்தி தாத்தாவுக்கு என்றாள், ஒருத்தி அம்மாவுக்கு என்றாள். இஸ்னா கண்ணை மூடிக்கொண்டு, "எங்க அப்பாவுக்கு" என்றாள். முன் வரிசையில் இருந்த என் மாமியார் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மகன் நினைவு வந்துவிட்டது என்று பெண்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நானும் தடவினேன். இந்தக் கையால் தடவினேன்.

இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, என் வீட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். என் அப்பா பெயர் முதலில், பெரிதாக. வார்தோனோ பெயர் இல்லை. பிறகு என் மாமியாரின் பக்கத்தில், பதினான்கு பெயருக்குக் கீழே பதினைந்தாவதாக, மர்ஹூம் வார்தோனோ பின் கஸ்தாம் என்று மோதினாருக்குத் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

ஓதுகிற நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி வந்தாள். ஒவ்வொரு வருடமும் வருகிற மாதிரிதான் வந்தாள். தட்டில் அப்பம், ஒட்டரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். தர்மாஜி விஷயத்தைச் சொல்லியிருக்கிறான் என்று தட்டை வைத்த விதத்திலேயே தெரிந்தது. இஸ்னா ஆற்றில் குளிக்கப் போயிருந்தாள். மாமி முற்றத்தில் கவிழ்த்துவைத்த கூடைமேல் உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் எனக்கு உதவியாக மீன் கழுவியவள், பிள்ளைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் தூங்காமல் வேப்பிலை வீசியவள். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் எரிந்தது.

"திட்டு" என்றாள். "அடிக்கணும்னாலும் அடி."

"எதுக்கு? நோட்டுல ஒங்க மகன் பேரு விட்டுப்போயிருந்துச்சு. சேத்துட்டேன். அதச் சொல்லத்தான் இருந்தேன்."

மாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏ ருமினி. அத அடிச்சிரு."

"ஏன் மாமி?"

"ஏன்னு ஒனக்குத் தெரியும். அந்தப் பேர வாசிக்கக் கூடாது. வாசிச்சா என் புள்ள..." மேலே சொல்ல முடியாமல் அவளே தன் வாயை அடக்கிக்கொண்டாள்.

"ஏழு வருஷமா நான் என் பட்டியல்ல குடுத்தேனே, அப்ப வாசிச்சாங்களே. அப்ப ஒண்ணும் ஆகலியே ஒங்க புள்ளைக்கு."

"அது நீ குடுத்தது. நீ தெரியாமக் குடுத்த. ஒவ்வொரு வருஷமும் அந்த எடம் வர்றப்ப நான் ஓதமாட்டேன், மனசுக்குள்ள இல்ல இல்லன்னு சொல்லிட்டு இருப்பேன். பெத்தவ குடுத்தா அது வேற."

அப்போது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? நான் ஓதும்போது பக்கத்தில் உட்கார்ந்து இல்லை இல்லை என்று அவள் அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். மகன் உயிருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"சரி, அடிச்சிடறேன்" என்றேன். "இஸ்னா வரட்டும். ஒங்க வாயாலயே அவகிட்டச் சொல்லுங்க. ஒங்க அப்பன் சாகல, டோபோவுல இருக்கான், ஒனக்குத் தம்பி தங்கச்சி இருக்காங்கன்னு. சொல்லி முடிங்க, அடுத்த நிமிஷம் நான் பேர அடிச்சிடறேன்."

 அப்பத்தின்மேல் உட்கார்ந்த ஈயை மாமி விரட்டினாள்.

"அந்தப் புள்ள ஒடைஞ்சு போயிடும்" என்றாள் கடைசியில். "செத்துட்டான்னா அவளுக்கு ஒரு அப்பன் இருக்கான். ஓதறா, அழறா, நல்ல மனுஷன்னு நெனச்சுக்கறா. உயிரோட இருக்கான்னு சொன்னா அவளுக்கு என்ன மிஞ்சும்? விட்டுட்டுப் போனான்ங்கறதுதான் மிஞ்சும். அவளுக்கு அவன் செத்தவனாவே இருக்கட்டும், ருமினி. ஒன் காலப் புடிக்கறேன்."

அது பொய்யில்லை. மூன்று நாளாக நானும் அதையேதான் நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். நான் இன்னும் இஸ்னாவிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம். ஆனால் அதை இவள் வாயால் கேட்டபோது தாங்கவில்லை.

"அவளுக்குச் செத்தவரு ஒங்களுக்கும் செத்தவராவே இருக்கட்டும்" என்றேன். "எங்க ரெண்டு பேருக்கு மட்டும் மௌத்து, ஒங்களுக்கு மட்டும் ஹயாத்து, அப்படி ஒரு ஆளு எங்கயும் கெடையாது. சொல்லிடுங்க, இல்லைன்னா மத்தவங்களோட சேந்து ஓதுங்க."

மாமி எழுந்து போய்விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. பெண்கள் பகுதியில் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார இடமில்லை. நானும் இஸ்னாவும் தூணோரமாக உட்கார்ந்தோம். மாமி தாமதமாக வந்தாள். வழக்கமாக அவள் வயதுப் பெண்களோடு முன்னால்தான் உட்காருவாள். அன்றைக்கு எல்லோரையும் தாண்டி வந்து, இஸ்னாவுக்கு அந்தப் பக்கம் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் பிள்ளை. ஈரத் தலையை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, "பாட்டி, இந்த வருஷம் அப்பம் ஏன் உப்புக் கரிச்சுது?" என்று கேட்டாள். மாமி அவள் தலையைத் தடவினாள். சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், சொல்லிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை.

மோதினார் ஆரம்பித்தார். பெரிய எழுத்தில் இருந்ததால் தடங்கலில்லாமல் வாசித்தார். ஹாஜி சுகிர்னோ வீட்டுப் பட்டியல் வந்தபோது ஆண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பொலி எழுந்து அடங்கியது. எங்கள் தெரு வந்தது. ருமினி வீட்டிலிருந்து என்று சொல்லி என் அப்பாவின் பெயரை வாசித்தார். முதல் தடவையாக என் அப்பா வரிசையில் முதலாவதாக நின்றார். ஓதி முடித்து நான் முகத்தைத் தடவிக்கொண்டபோது இஸ்னா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ம்மா, அப்பா பேர விட்டுட்டாங்க."

"ஒன் பாட்டி பட்டியல்ல வரும்" என்றேன். மாமிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மூன்று வீடு தாண்டியது. காஸ்மினா வீட்டிலிருந்து என்றார். என் மாமனார், அவருடைய அப்பா அம்மா, குழந்தைகள், ஆற்றில் போன மகள். ஒவ்வொரு பெயருக்கும் மாமியின் விரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவக் கிழவி வந்தாள். மோதினார் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனதால் ஒலிபெருக்கியில் தாள் உரசும் சத்தம் கேட்டது.

"மர்ஹூம் வார்தோனோ பின் கஸ்தாம். இவர்கள் எல்லோருக்கும், அல்ஃபாத்திஹா."

மாமி அசையவில்லை. தாங்கிக்கொள்வாள் என்றுதான் தோன்றியது. சுற்றிலும் இருநூறு முந்நூறு வாய்கள் ஓத ஆரம்பித்தன. அதையும் தாங்கிக்கொண்டாள். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்னா கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்தி, அப்பாவுக்கென்று அவள் வைத்திருக்கிற அந்தத் தெளிவான குரலில், எல்லோரையும்விடச் சற்றுத் தூக்கி பிஸ்மில்லாஹ் என்று எடுத்தாள். எத்தனை பேர் ஓதினாலும் பெற்ற பிள்ளை ஓதுவதுதான் நேராகப் போகும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தப் பாட்டிதான்.

இரண்டாவது வசனம் முடிவதற்குள் மாமியின் கை எழுந்து பிள்ளையின் வாயைப் பொத்தியது.

இஸ்னா முதலில் உள்ளங்கைக்குள்ளேயே ஓதப் பார்த்தாள். பிறகு நிறுத்தினாள். கண்ணைத் திறந்து பாட்டியைப் பார்த்தாள். மாமி அவளைப் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் இருந்தாள். முன்னால் இருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பினார்கள், ஓதுவதை நிறுத்தாமலேயே. நான் கையை நீட்டி அந்தக் கையை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. சுருங்கிப்போன அந்த விரல்களுக்கு மேலே என் மகளின் கண்கள் மெல்லப் பாட்டியிடமிருந்து நகர்ந்து என்னிடம் வந்து நின்றன. சுற்றிலும் எல்லோரும் ஆமீனுக்கு வந்து சேர்ந்தார்கள்.